சந்தா கட்டும் மாதமும் சீர்காழி ரங்கநாதனும்

மலர்க் குழுத் தம்பிகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். காபி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்கள். நம் கல்லூரி நூலகத்தைப் பற்றி நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். முப்பத்தாறு வருஷம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கிடந்தவன் நான். முதலில் மாணவனாக மூன்று வருஷம், அப்புறம் உதவியாளனாக, அதற்கும் அப்புறம் நூலகனாக. என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் நேரில் பார்த்திராத, ஆனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். சரி சார் என்று போய்விட்டார்கள். அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன். ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினம் என்று கொண்டாடுகிறோமே, அது அவருடைய பிறந்த நாள்தான்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். தகப்பனார் ராமாமிர்தம் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். உள்ளூர் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை கிறிஸ்துவக் கல்லூரிக்குப் போய், கணிதத்தில் எம்.ஏ. வாங்கினார். பேச்சில் திக்கல் உண்டு. அப்படிப்பட்டவர் வாத்தியார் வேலைக்குப் போய் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். திக்கலையும் விடாமுயற்சியால் அடக்கிக்கொண்டார். கணக்கு வாத்தியாராகவே இருந்திருந்தால் நல்ல வாத்தியார் என்று பேர் வாங்கி ரிடையர் ஆகியிருப்பார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் நூலகராக நியமித்தது. அவருக்கு இஷ்டமே இல்லை. உட்கார்ந்து பார்த்தார். யாரும் வரவில்லை, செய்ய வேலையும் இல்லை. கொஞ்ச நாளிலேயே பழைய கல்லூரிக்கு ஓடிப்போய், எனக்கு இந்த வேலை வேண்டாம், வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுவிட்டார். இப்போது அந்தக் காட்சியை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பழைய இடம் உனக்குத்தான் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். அவர் சொன்னபடி ஒரு நூலகம் விடாமல் சுற்றிப் பார்த்தார் ரங்கநாதன். நூற்றுக்கு மேல் பார்த்திருக்கிறார். ஒரு பொம்மைக் கடையில் மெக்கானோ செட் ஒன்றைப் பார்த்தாராம். ஒரே மாதிரிப் பட்டைகள், நட்டு போல்ட்டு. அவற்றை மாற்றி மாற்றி மாட்டினால் வண்டியும் ஆகிறது, கிரேனும் ஆகிறது. அறிவுத் துறைகளையும் இப்படிச் சின்னச் சின்னப் பட்டைகளாகப் பிரித்து, தேவைக்குத் தக்கபடி மாட்டிக்கொள்ளலாமே என்று பட்டது. 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு விதை விழுந்தது அங்கேதான். 1925-ல் ஊர் திரும்பியவர் வகுப்புக்குப் போகவே இல்லை.

அவர் புகழெல்லாம் அந்தப் பகுப்பு முறையிலும், 1931-ல் வந்த ஐந்து விதிகளிலும்தான் இருக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அவர் அறிமுகமானது வேறு வழியில். எங்கள் பழைய நூலகர், எனக்கு முந்தியவர், ஒரு மரப்பெட்டியைக் காட்டி இதுதான் உன் வேலை என்றார். நீளமான பெட்டி, உள்ளே அட்டைகள், நடுநடுவே வாரக் கணக்குப் போட்ட தடுப்பு அட்டைகள். ரங்கநாதன் சென்னையில் ஜர்னல்களுக்காக உருவாக்கிய மூன்று அட்டை முறை அது.

கம்ப்யூட்டரிலேயே எல்லாம் பார்க்கும் தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். புத்தகம் ஒரு தடவை வாங்கினால் தீர்ந்தது. ஜர்னல் அப்படியில்லை. பணத்தை முன்கூட்டியே வருஷச் சந்தாவாகக் கட்டிவிடுவோம். சரக்கு மாதா மாதம், இல்லை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தபாலில் வரும். ஒன்று வராமல் போனால் யாருக்குத் தெரியும்? ஆறு மாதம் கழித்து வாசகர் கேட்கும்போதுதான் தெரியும். அதற்குள் வெளியீட்டாளர், கெடு முடிந்துவிட்டது, இலவசமாகத் தர முடியாது என்று கடிதம் போட்டுவிடுவார். போன இதழ் போனதுதான். ஒரு இதழ் இல்லாத தொகுதியை பைண்ட் செய்யவும் மனசு வராது.

இதற்கு ரங்கநாதன் கண்ட வழி இது. ஒவ்வொரு ஜர்னலுக்கும் மூன்று அட்டை. முதலாவது பதிவு அட்டை: சந்தா எவ்வளவு, எப்போது கட்டினோம், எந்தெந்த இதழ் வந்தது என்ற ஜாதகம். இரண்டாவது சரிபார்ப்பு அட்டை. அடுத்த இதழ் எந்த வாரம் வர வேண்டுமோ, அந்த வாரத் தடுப்புக்குப் பின்னால் அது நிற்கும். இதழ் வந்தால் அட்டை அடுத்த தவணை வாரத்துக்கு நகரும். வாரம் முடிந்தும் அதே இடத்தில் ஒரு அட்டை நின்றால் அந்த இதழ் வரவில்லை. உடனே நினைவூட்டுக் கடிதம். மூன்றாவது அட்டை, நம்மிடம் எந்தத் தொகுதி முதல் எந்தத் தொகுதி வரை இருக்கிறது என்று பொருள்வாரியாகச் சொல்வது. அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திறந்தால், எந்த ஜர்னல் நம்மை ஏமாற்றியிருக்கிறது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கணக்கு வாத்தியார் மூளை என்று நான் வியந்துபோனது இதைப் பார்த்துத்தான். ஒரு ரூபாய் செலவில்லாமல், கட்டிய பணத்துக்கு முழுச் சரக்கும் வந்து சேர வைக்கிற முறை.

சென்னையில் அவர் செய்த மற்றக் காரியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடந்த அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகரே உள்ளே போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்று ஆக்கினார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார். சங்கத்தின் மூலம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். பிற்பாடு பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது. 1936-ல் கடற்கரையோரம் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பின்னால் ரங்கநாதனின் பல வருஷப் போராட்டம் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரி என்று சின்னத் தொகை கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தின் வழியாக வந்தது. நம்மில் பாதிப் பேர் பரீட்சைக்குப் படித்த சிம்மக்கல் மைய நூலகத்துக்கும் அந்த வரிதான் சோறு போட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

1991 ஜூலையில் மத்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முன் ஒரு டாலர் சுமார் 21 ரூபாய். மூன்றே நாளில் 26 பக்கம் போயிற்று. 1993 மார்ச்சில் 31-ஐத் தாண்டியது. 200 டாலர் சந்தா உள்ள ஒரு ஜர்னலுக்கு 4,200 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 5,200 ஆகி, அப்புறம் 6,200 ஆனது. வெளியீட்டாளர்கள் வருஷா வருஷம் டாலர் விலையையும் ஏற்றினார்கள். ஏர்மெயில் கட்டணம் தனி. நம் நூலகத்துக்கு நிர்வாகம் ஒதுக்கிய தொகை மட்டும் நகரவே இல்லை. நகர்த்த அவர்களிடமும் பணம் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த வருஷம் ஏஜென்டிடமிருந்து புரோபார்மா பில் வந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சிலதை வெட்டியே ஆக வேண்டும். எப்படி வெட்டுவது? நான் சுலபமான வழியைப் பிடித்தேன். வழங்கல் பதிவேட்டை எடுத்து, இரண்டு வருஷமாக ஒருத்தரும் கேட்டு வாங்காத ஜர்னல்களைக் குறித்தேன். அதில் விலை அதிகமானதாகப் பார்த்து அடித்தேன். அடிபட்டதில் ஒன்று வெளிநாட்டுத் தாவர நோயியல் ஜர்னல். பதிவேட்டில் சுத்தமாகப் பூஜ்யம். மனசில் உறுத்தலே இல்லை. சிக்கனமாகக் காரியம் செய்தோம் என்று பெருமைகூட இருந்தது.

மறு வருஷம் ஏப்ரல் வாக்கில் தாவரவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் வந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். இந்த வருஷத்து இதழ்கள் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். சந்தாவை நிறுத்திட்டோம் சார் என்றேன். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் ரேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் தெரிந்தது. வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். நம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் வரும் இலை நோய்தான் ஆராய்ச்சி. சனிக்கிழமைதோறும் வகுப்பு முடிந்ததும் வருவார், ரேக் பக்கத்திலேயே நின்றுகொண்டு படிப்பார், குறிப்பு எடுப்பார், எடுத்த இதழை எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டுப் போவார். அவர் நல்ல வாசகர். அதனாலேயே என் பதிவேட்டில் அவர் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு விடுமுறைக்கும் பஸ் ஏறி கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வந்தார். பஸ் செலவு அவருடையது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்தக் கோடை விடுமுறையில்தான் ரங்கநாதனைத் திரும்பப் படித்தேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஐந்து விதிகளில் இரண்டு இருக்கின்றன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடிக்கொடுக்க வேண்டும் என்பது அடுத்தது. எத்தனை வாசகர் என்று அதில் எங்கேயும் எண்ணிக்கை இல்லை. ஒரே ஒருத்தர் இருந்தாலும் அவர் வாசகர்தான். அவரைக் கண்டுபிடிப்பது நூலகன் வேலை. நான் பதிவேட்டைப் பார்த்தேனே தவிர, ரேக் பக்கம் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மறு கல்வியாண்டில் ஜர்னல் பகுதியில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன்: படித்த இதழை ரேக்கில் வைக்காதீர்கள், மேஜை மேலேயே விட்டுவிடுங்கள். மாணவர்களுக்குச் சந்தோஷம். மாலையில் மேஜை மேல் கிடப்பதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்துவிட்டுத்தான் அடுக்குவோம். எடுபிடிப் பையன் என்னைத் திட்டிக்கொண்டே செய்தான். ஒரு வருஷ நோட்டைப் பார்த்தபோது, பதிவேட்டில் பூஜ்யமாக இருந்தவற்றில் பலவற்றுக்கு ஆள் இருந்தார்கள். துறைத் தலைவர்கள் கட்டாயம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்க வைத்த சிலது மேஜைக்கு வரவே இல்லை. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். அவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள்.

ஆனாலும் தெரிந்துகொண்டால் மட்டும் பணம் வந்துவிடுமா? அங்கேதான் ரங்கநாதனின் இன்னொரு பக்கம் கைகொடுத்தது. பாடப்புத்தகம் அதிகம் பேசாத பக்கம்.

அவர் கணித ஆசிரியர் என்றேன் அல்லவா, இந்தியக் கணிதச் சங்கத்துக்குச் சில ஆண்டுகள் பொருளாளராகவும் இருந்தார். அந்தச் சங்கம் பிறந்த கதையே ஜர்னல் கதைதான். 1907-ல் வி. ராமசாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர், நல்ல கணித ஜர்னல்கள் கிடைக்காத ஊர்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணிதப் பிரியர்களைச் சேர்த்தார். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஜர்னல் வாங்கி, ஒருத்தர் படித்ததும் அடுத்தவருக்குத் தபாலில் அனுப்புவது ஏற்பாடு. பிறகு அந்தச் சங்கம் நடத்திய சொந்த ஜர்னலில்தான் 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. ராமானுஜன் வாழ்க்கையைப் பற்றி ரங்கநாதனே 1967-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தனித்தனியே வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்கலாம் என்பது அவர் அருகிலிருந்து பார்த்த விஷயம்.

1945-ல் சென்னையை விட்டு காசிக்குப் போனார். இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு லட்சம் நூல்கள் அளவுக்குத் தாமே உட்கார்ந்து பகுத்தார். 1947-ல் டில்லிக்குப் போனார். அங்கே இருந்த காலத்தில், இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் எந்த நூலகத்தில் எந்த ஆய்விதழ் எந்தத் தொகுதி வரை இருக்கிறது என்ற ஒருங்கிணைந்த பட்டியலை யுனெஸ்கோ ஆதரவோடு தயாரித்தார். 1953-ல் வெளிவந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஊர் ஊராகக் கடிதம் எழுதி, வந்த பதில்களை அட்டை அட்டையாகச் சேர்த்திருக்க வேண்டும். டில்லியில் 1952-ல் இன்ஸ்டாக் என்ற ஆவண மையம் வந்தது. கட்டுரை விவரம் எழுதிப் பணம் அனுப்பினால் பிரதி எடுத்து அனுப்புவார்கள். 1954-ல் அது தொடங்கிய நூலக அறிவியல் இதழுக்கு ஆசிரியர் ரங்கநாதன்தான்.

அந்தப் பெரிய பட்டியலைச் சின்னதாக மதுரைக்குள் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. வைகைக்கு வடகரையில் இரண்டு, தென்கரையில் மூன்று, மொத்தம் ஐந்து கல்லூரி நூலகர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழவாசல் பக்கம் ஒரு டீக்கடையில் கூடினோம். எந்தக் கடிதப் போக்குவரத்தும் இல்லை, யார் அனுமதியும் கேட்கவில்லை. அவரவர் சந்தா லிஸ்டைக் கொண்டு வந்திருந்தோம். ஒன்றாக வைத்துப் பார்த்ததும் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். ஒரே கணித ஜர்னலை மூன்று பேர் வாங்குகிறோம், மூன்றும் மூன்று மைல் சுற்றளவுக்குள். தாவர நோயியல் ஒருத்தரிடமும் இல்லை. நீ இதை நிறுத்து, நான் அதை நிறுத்துகிறேன், உன் வாத்தியார் என் நூலகத்துக்கு வந்து படிக்கட்டும், என் பையன் உன்னிடம் வருவான் என்று பேசி முடித்தோம். பேசியது சுலபம். தங்கள் கல்லூரி ஜர்னலை ஏன் நிறுத்தினாய் என்று ஆளாளுக்குத் திட்டு வாங்கியது தனிக் கதை. ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்த அந்தப் பதினோரு பக்க லிஸ்ட் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்படி மிச்சமான பணத்தில் 1995 சந்தாவில் தாவர நோயியல் ஜர்னலைத் திரும்ப வாங்கினோம். விரிவுரையாளர் அதற்குள் கோயம்புத்தூர் பஸ்ஸிலேயே ஆராய்ச்சியை முடித்து டாக்டரும் ஆகிவிட்டார். முதல் இதழ் வந்ததும் அவர் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன். படித்துவிட்டு, அட்டையில் எழுதியிருந்தபடி, நூலக மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனார்.

ரங்கநாதனின் கடைசிக் காலத்தையும் சொல்ல வேண்டும். ஜூரிச்சில் இரண்டு வருஷம், உஜ்ஜயினியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு பெங்களூரில் குடியேறினார். 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் தொடங்கினார். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்காக 1950-களிலேயே கொடுத்துவிட்டார். மனைவி சாரதா பெயரும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! 1972 செப்டம்பர் 27-ல் காலமானார். அடுத்த வருஷம்தான் நான் நூலக வேலையில் சேர்ந்தேன்.

இன்றைய மாணவர்களுக்கு இதெல்லாம் பழங்கதையாகத் தோன்றலாம். 2010-லிருந்து என்-லிஸ்ட் வழியாகச் சின்னக் கட்டணத்தில் கல்லூரிகளுக்கு ஆயிரக்கணக்கான மின்னிதழ்கள் கிடைக்கின்றன. 2025-லிருந்து ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டம். மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது வெளியீட்டாளர்கள், ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள். முதற்கட்டத்தில் அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கு என்று தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து பேர் டீக்கடையில் செய்ததை ஒரு நாடே செய்கிறது, எனக்குச் சந்தோஷம்தான். ஒரு கவலையும் உண்டு. காகித ஜர்னலை நிறுத்தினால், கட்டிய வருஷங்களின் தொகுதிகளாவது ரேக்கில் இருக்கும். மின்னிதழில் சந்தா நின்றால் பழையதும் கண்ணை விட்டுப் போய்விடக்கூடும். ஒப்பந்தத்தில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துப் பார்க்கிறார்களா? இப்போதைய நூலகர் தங்கச்சியிடம் கேட்டேன். பார்க்கிறேன் ஐயா என்றார். பார்ப்பார், கெட்டிக்காரர்.

சந்திப்பு நாளன்று மேடை நிகழ்ச்சி முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கிறது. நூலகம் திறந்திருக்கும் என்று சொன்னார்கள். கீழ்த்தளத்தில் வடக்குச் சுவரை ஒட்டிய மூன்றாவது ரேக்கில் தாவர நோயியல் தொகுதிகள் இருக்கின்றன. 1991-க்கும் 1995-க்கும் நடுவே, மூன்று தொகுதிகளின் கனத்துக்கு ஒரு மரக்கட்டை செருகி, அதில் வருஷங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்னும் யாரும் அதை எடுக்கவில்லை.